வெறுங்காலோட்டம்: முழங்கால் வலி போய்ப் பாதவலி வந்தது ஏன்?

வாசகர் கடிதம்: அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் பள்ளி ஆசிரியர், வயது 47. ஆறு ஆண்டுகளாக ஓடி வருகிறேன். வலது முழங்கால் வலி விடாமல் இருந்ததால், ஏழு வாரங்களுக்கு முன் டேக்கீஸை (ஓட்டக் காலணியை) கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலுடன் ஓடத் தொடங்கினேன். மூன்றே வாரத்தில் முழங்கால் வலி போய்விட்டது. அந்த மகிழ்ச்சியில் தூரத்தைக் கூட்டி, இப்போது கடற்கரை நடைபாதையில் வாரத்துக்கு நான்கு நாள், நாளொன்றுக்கு 8 கிலோமீட்டர் ஓடுகிறேன். பத்து நாளாக இடது பாதத்தின் மேற்பகுதியில் ஓரிடத்தில் வலிக்கிறது. காலையில் எழுந்தால் கெண்டைக்கால் கயிறு போல இறுகிக் கிடக்கிறது. எங்கள் ஆயா கரும்புத் தோட்டத்தில் ஆயுள் முழுவதும் செருப்பில்லாமல் நடந்தவர். நானே ஒவ்வோர் ஆண்டும் காவடி எடுக்கிறேன், தீமிதிக்கிறேன். நம் நாட்டு ஓட்ட வீராங்கனை ஜோலா பட் வெறுங்காலுடன் ஓடித்தான் உலகப் புகழ் பெற்றார். அப்படியிருக்க எனக்கு மட்டும் ஏன் வலிக்கிறது? பொறுத்துக்கொண்டு ஓடினால் பழகிவிடுமா? வருகிற காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தை வெறுங்காலுடன் ஓட ஆசைப்படுகிறேன். சென்ற ஆண்டு சர்க்கரை இருப்பதாகச் சொல்லி மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தார்கள். அது கட்டுக்குள் இருக்கிறது.

பதில்: அன்புள்ள தம்பிக்கு வணக்கம். முதலில் இதைச் செய்யுங்கள். இன்றிலிருந்து ஓட்டத்தை, வெறுங்காலுடனோ காலணியுடனோ, முழுவதுமாக நிறுத்திவிடுங்கள். வலிக்கும் இடத்தை ஒற்றை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பாதத்தின் மேற்புறம் பரவலாக வலித்தால் தசைநாண் எரிச்சலாக இருக்கலாம். இரண்டாவது அல்லது மூன்றாவது விரலுக்குப் பின்னால் நீளும் எலும்பின்மேல், ஒரு காசு அளவுள்ள இடத்தில் மட்டும் அழுத்தும்போது சுரீரென்று வலித்தாலோ, ஓய்வாகப் படுத்திருக்கும் இரவிலும் அங்கே விண்விண் என்று தெறித்தாலோ, அதை எலும்பின் மயிரிழை முறிவு என்றே வைத்துக்கொண்டு இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒற்றைக் காலில் குதித்துச் சோதித்துப் பார்க்காதீர்கள். பாதி விரிசல் விட்ட எலும்பை முழுதாக உடைக்க அந்த ஒரு குதிப்பு போதும்.

எக்ஸ்ரே எடுத்து அதில் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். இத்தகைய முறிவு முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரிவதில்லை. எலும்பு தன்னைப் பூசிக்கொள்ளத் தொடங்கிய பிறகே அந்தப் பூச்சு வெண்மையாகத் தெரியும். எம்.ஆர்.ஐ. படம் அதை முன்னதாகவே காட்டிவிடும். நான் இதை என் காலிலேயே பட்டு அறிந்தவள். எனக்கு 38 வயதாக இருந்தபோது, பிசியோதெரபியில் பல ஆண்டு அனுபவம் இருந்தும், வெறுங்காலோட்டத்தில் ஆர்வம் கொண்டு, தொடங்கிய மூன்றாவது வாரத்திலேயே 6 கிலோமீட்டர் ஓடினேன். மூன்றாவது நடுப்பாத எலும்பின்மேல் பென்சில் முனையால் குத்துவது போன்ற ஒரு வலி வந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்தவர்கள் எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். அதை நம்பி மேலும் ஒன்பது நாள் ஓடினேன். பிறகு ஏழு வாரம் தாங்குகாலணி அணிந்து நொண்டினேன். முதல் நாள் வலியிலேயே நிறுத்தியிருந்தால் அந்த ஏழு வாரத்தில் பாதி மிஞ்சியிருக்கும்.

முழங்கால் வலி போனது உங்கள் கற்பனையன்று. காலணி அணிந்து ஓடும்போது நம்மில் பெரும்பாலோர் காலை நீட்டி வைத்து, குதிகாலை முதலில் தரையில் குத்துகிறோம். குதிகாலுக்கு அடியில் தடித்த மெத்தை இருப்பதால் அந்த அதிர்வு நமக்கு உறைப்பதில்லை. மெத்தையை எடுத்துவிட்டுக் கெட்டித் தரையில் அதே போல ஓடினால் பத்தடிக்குள் குதிகால் வலித்துவிடும். எனவே யாரும் சொல்லித்தராமலேயே உடல் அடியைக் குறுக்கி, முழங்காலைச் சற்று மடக்கி, முன்பாதத்தையோ பாதத்தின் நடுப்பகுதியையோ முதலில் ஊன்றத் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் லீபர்மன் குழுவினர், கென்யாவில் வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர்களை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் காட்டியது: முன்பாதத்தை ஊன்றி ஓடும்போது, தரையைத் தொட்ட கணத்தில் எழும் அந்தச் சுத்தியல் அடி போன்ற முதல் அதிர்வு ஏறக்குறைய இல்லாமல் போகிறது. அந்தக் கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுவதும் பலர் காலணிகளைக் கழற்றினார்கள். ஆனால் அந்த ஆய்வு காயங்களை எண்ணிப் பார்த்த ஆய்வன்று. வெறுங்காலுடன் ஓடினால் காயமே வராது என்று அதில் எங்கும் நிறுவப்படவில்லை.

உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு பாரம் ஒவ்வோர் அடியிலும் காலில் இறங்குகிறது. காலணியைக் கழற்றியதால் அந்தப் பாரம் ஆவியாகிவிடுவதில்லை, இடம் மாறுகிறது. முழங்காலின் முன்பக்கத்தில் குறைந்த சுமையைக் கெண்டைக்கால் சதையும், குதிகாலுக்கு மேலுள்ள தடித்த தசைநாணும், நடுப்பாத எலும்புகளும் வாங்கிக்கொள்கின்றன. காலையில் உங்கள் கெண்டைக்கால் கயிறு போல இறுகுவதற்கும், பாதத்தின் மேற்பகுதி வலிப்பதற்கும் இதுதான் காரணம். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,100 அடி என்று வைத்துக்கொண்டால்கூட, 8 கிலோமீட்டரில் உங்கள் இடது பாதம் நாலாயிரம் முறைக்கு மேல் தரையில் இறங்குகிறது. மெத்தைக்குள் பல்லாண்டு வேலையின்றி இருந்த எலும்புகளுக்கு, வாரத்துக்கு நான்கு நாள் இந்த வேலையை ஏழே வாரத்தில் கொடுத்திருக்கிறீர்கள்.

இந்த விஷயத்தில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சதை விரைவில் பழகும். மூன்று நான்கு வாரத்தில் கெண்டைக்கால் பலமாகிவிட்டதாக நமக்கே தெரியும். உள்ளங்கால் தோலும் அதே காலத்தில் தடித்துவிடும். எலும்பின் போக்கு வேறு. புதிய சுமை வந்ததும் அது முதலில் பழைய பகுதியைக் கரைக்கிறது, பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. இந்த வேலை முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். கரைத்து முடித்து இன்னும் கட்டி முடிக்காத அந்த இடைக்காலத்தில் எலும்பு முன்பைவிட நலிந்து இருக்கிறது. தோலும் சதையும் இன்னும் ஓடலாம் என்று சொல்லும் அதே நாளில் எலும்பு தாங்கமுடியாத நிலையில் இருக்கும். நீங்கள் அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள். 2013-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், அனுபவமுள்ள 36 ஓட்டக்காரர்களில் ஒரு பகுதியினரைப் படிப்படியாகப் பத்து வாரத்தில், பாதத்தோடு ஒட்டிய மெல்லிய காலணிக்கு மாறச் செய்தார்கள். அப்படி மாறிய 19 பேரில் 10 பேரின் பாத எலும்புகளுக்குள் வீக்கம் கூடியிருந்ததை எம்.ஆர்.ஐ. காட்டியது. அவர்களும் உங்களைப் போலப் பழுத்த ஓட்டக்காரர்களே. ஆகவே பொறுத்துக்கொண்டு ஓடினால் பழகிவிடுமா என்ற உங்கள் கேள்விக்கு என் விடை, பழகாது, உடையும் என்பதுதான்.

இனி ஆயாவைப் பற்றி. 1860-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையிலிருந்து டுரூரோ கப்பலில் வந்து டர்பனில் இறங்கியவர்கள் முதல், கரும்புத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர் பெரும்பாலும் வெறுங்காலுடனேயே வாழ்ந்தார்கள். அந்தப் பாதங்களை நானும் கண்டிருக்கிறேன். என் பாட்டியின் விரல்கள் விசிறி போல விரிந்திருக்கும், குதிகால் பிளவுகளில் மண் நிரந்தரமாகத் தங்கியிருக்கும். அந்தப் பாதம் நடக்கத் தொடங்கிய வயதிலேயே உருவானது. இந்தியாவில் 2,300 குழந்தைகளைப் பரிசோதித்து 1992-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளிடம் தட்டைப்பாதம் கூடுதலாக இருப்பதைக் கண்டது. தென்னாப்பிரிக்கச் சிறுவர்களையும் ஜெர்மன் சிறுவர்களையும் ஒப்பிட்ட பிந்தைய ஆய்வுகளில், வெறுங்காலுடன் வளர்ந்த நம் பிள்ளைகளுக்குப் பாத வளைவு உயர்ந்திருந்தது. சமநிலையிலும் நின்ற இடத்திலிருந்து தாவுவதிலும் அவர்கள் மேலாக இருந்தார்கள். வேக ஓட்டத்தில் அத்தகைய மேன்மை காணப்படவில்லை. குழந்தைப் பருவத்தில் கட்டிய பாதத்தை 47 வயதில் ஏழு வாரத்தில் கட்டிவிட முடியாது. ஆயா நடந்தார், ஓடவில்லை. மண்ணில் நடந்தார், சிமெண்டுத் தரையில் இல்லை. அவர்களுடைய கால்களில் ஏறிய முள்ளுக்கும் புண்ணுக்கும் கணக்கு வைத்தவர்கள் யாரும் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜோலா பட்டும் அப்படியே. புளூம்ஃபொன்டேன் பக்கத்தில் குழந்தையாக இருந்தபோதிலிருந்தே வெறுங்காலுடன் ஓடியவர் அவர். 1984 ஜனவரியில் ஸ்டெல்லன்போஷில் 5,000 மீட்டரை 15 நிமிடம் 1.83 விநாடியில் ஓடினார். நிறவெறிக் கொள்கையால் நம் நாடு உலக விளையாட்டிலிருந்து விலக்கப்பட்டிருந்ததால் அது உலகச் சாதனையாக ஏற்கப்படவில்லை. அப்போது அவருக்கு வயது 17. எத்தியோப்பிய ஓட்டவீரர் அபேபே பிகிலாவையும் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை அவர் வெறுங்காலுடன் 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றார். 1964-இல் டோக்கியோவில் காலணி அணிந்து ஓடி மூன்று நிமிடத்துக்கும் மேலாக விரைவாக முடித்தார். ரோமில் அவர் காலணியைத் தவிர்த்தது, கொடுக்கப்பட்ட புதிய காலணி காலுக்குச் சரியாகப் பொருந்தாததால்தான்.

தீமிதியை நான் மருத்துவக் கண்ணோடு எடைபோட விரும்பவில்லை. நீங்கள் இருக்கும் விரதமும் கொண்டிருக்கும் பக்தியும் என் மதிப்புக்கு உரியவை. பாதத்தைப் பொறுத்த அளவில் மட்டும் ஒன்று சொல்கிறேன். தணலின்மேல் ஒவ்வோர் அடியும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. சாம்பல் பூத்த கரி வெப்பத்தை மெதுவாகவே கடத்துகிறது. அதைத் தாண்டிய கால், நண்பகல் வெயிலில் காய்ந்த தார்ச் சாலையில் அரைமணி நேரம் நின்றால் கொப்புளித்துவிடும். இங்கே தைப்பூசம் கோடையின் உச்சத்தில் வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் காவடி முடிந்த வாரத்தில், இடுப்பு வலிக்கு ஓர் அம்மா என்னிடம் வந்தார்கள். நடக்கச் சொல்லிப் பார்த்தபோது தரையில் ஈரத் தடம் விழுந்தது. காலைத் தூக்கிப் பார்த்தால், இரண்டு உள்ளங்கால்களிலும் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் உடைந்து தோல் சுருண்டு கிடந்தது. ஐந்து நாள் அப்படியே நடந்திருக்கிறார்கள். "வலிக்கலையே டாக்டர்" என்றார்கள். அவர்களுக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நான் முதல் வரியாக எடுத்துக்கொள்வது இதனால்தான். வெறுங்காலோட்டத்தின் நன்மை முழுவதும் ஒரே ஒரு பொருளில் அடங்கியிருக்கிறது. அது உள்ளங்காலின் உணர்ச்சி. தரை கடினமா, அடி நீண்டுவிட்டதா, கல் குத்துகிறதா என்று பாதம் ஒவ்வோர் அடியிலும் சொல்ல, உடல் தன்னைத் திருத்திக்கொள்கிறது. சர்க்கரை அந்த நரம்புகளை நுனியிலிருந்து, அதாவது கால்விரல்களிலிருந்து, ஓசையில்லாமல் மழுங்கச் செய்கிறது. உணர்ச்சி குறைந்த காலில் காலணியைக் கழற்றினால் பாதுகாப்பும் போகிறது, பாடமும் கிடைப்பதில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்பது இரத்தத்தைப் பற்றிய செய்தி. நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே பல ஆண்டுகள் அது உடலில் இருந்திருக்கலாம் என்பதால், நரம்பின் நிலையைத் தனியாகப் பார்த்தாக வேண்டும்.

பரிசோதனை எளிது, வலியில்லாதது. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையை உள்ளங்காலின் பல இடங்களில் தொட்டு, கண்ணை மூடிய நிலையில் உங்களுக்குத் தெரிகிறதா என்று கேட்பார்கள். அதிரும் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு உணரப்படுகிறதா என்று பார்ப்பார்கள். பாதத்தின் நாடித் துடிப்பையும் தொட்டுப் பார்ப்பார்கள். அரசு கிளினிக்கிலேயே இதைக் கேட்டுப் பெறலாம். மெட்ஃபார்மினை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும், அந்தக் குறையும் நரம்பைத் தாக்கும். விரதங்களுக்காகவோ எப்போதுமோ மரக்கறி உண்பவராக இருந்தால் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். இழையின் தொடுகை ஓரிடத்திலாவது தெரியாமல் போனால், தம்பி, வெறுங்காலோட்டம் உங்களுக்கு முடிந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வீட்டுக்குள்ளும் செருப்பு அணிய வேண்டிய நிலை அது.

உணர்ச்சி முழுமையாக இருந்து, எலும்பும் ஆறிய பிறகு (மயிரிழை முறிவு என்றால் ஆறு முதல் எட்டு வாரம்) எப்படித் திரும்புவது என்று சொல்கிறேன். ஓட்டம் முழுவதையும் காலணியுடன் ஓடுங்கள். கடைசியில் மட்டும், வாரத்துக்கு இரண்டு முறை, 200 மீட்டர் வெறுங்காலுடன் ஓடுங்கள். மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து இறங்கும் முதல் பத்தடியில் எங்கும் வலி இல்லையென்றால் அடுத்த வாரம் நூறு மீட்டர் கூட்டலாம். வலித்தால் முந்தைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். நான்கைந்து மாதத்தில் 2 கிலோமீட்டரை எட்டினால் அது நல்ல வளர்ச்சி. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்கும் பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். நுனிக்காலிலேயே ஓடுவதுதான் முறை என்று பலர் நினைக்கிறார்கள். அது தசைநாணைப் புண்ணாக்கும். முன்பாதம் தொட்டதும் குதிகாலும் இறங்கித் தரையை முத்தமிட்டு எழ வேண்டும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், பாதம் விழும் ஓசை "தப் தப்" என்று கேட்டால் அடி நீண்டுவிட்டது என்று பொருள்.

எங்கே ஓடுவது என்பதிலும் கவனம் வேண்டும். பஞ்சு போன்ற உலர்ந்த மணலில் குதிகால் புதைவதால் தசைநாண் அளவுக்கு மீறி இழுபடும். கடல் வற்றிய நேரத்தில் அலை நனைத்துவிட்டுப் போன கெட்டி மணல் நல்லது. ஆனால் கரை சரிவாக இருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழும், எனவே போன தூரத்துக்குச் சரியாகத் திரும்பி வர வேண்டும். வடகிழக்குக் காற்று வீசிய மறுநாள் கரையில் புளூபாட்டில்கள் (ஜெல்லிமீன் போன்ற கொட்டும் கடலுயிர்கள்) ஒதுங்கியிருக்கும், அவற்றின் நீல இழை உலர்ந்தாலும் கொட்டும். நாய்கள் அசுத்தம் செய்யும் மேல்மணலில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் தோலுக்குள் நுழைந்து, சிவந்த பாம்புத்தடம் போல நெளிந்து அரிக்கும். உங்கள் பள்ளி மைதானத்துப் புல் வெட்டி ஒழுங்காக இருந்தால் அதுவே சிறந்த இடம். ஓடும் முன் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். ஊரில் நாம் நெருஞ்சி என்று சொல்லும் அதே முள்தான் இங்கே டெவில்ஸ் தார்ன் என்ற பெயரில் வறண்ட ஓரங்களில் படர்ந்து கிடக்கிறது. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு கடந்திருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

காம்ரேட்ஸைக் காலணியுடன் ஓடுங்கள். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 90 கிலோமீட்டரை ஒட்டிய தார்ச் சாலை, ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில், இஞ்சாங்கா என்று ஏற்ற இறக்கம், 12 மணி நேர வரம்பு. இத்தனையும் இருக்கும்போது, ஐம்பதாவது கிலோமீட்டரில் களைப்பால் மரத்துப்போன பாதம் கண்ணாடித் துண்டை மிதித்தாலும் உங்களுக்குச் சொல்லாது. சர்க்கரை உள்ள ஒருவருக்கு அந்த ஒரு துண்டு விரலையே விலையாகக் கேட்கக்கூடும். காம்ரேட்ஸுக்குத் தகுதி பெற முன்னதாக ஓடி முடிக்க வேண்டிய மாரத்தானுக்கான நேரத்தையும் இந்த ஓய்வுக்குப் பிறகே கணக்கிடுங்கள். எலும்பு முறிந்திருந்தால் அடுத்த ஆண்டுக்குப் பதிலாக அதற்கடுத்த ஆண்டை நோக்குங்கள்.

வெறுங்கால் உங்கள் முழங்காலுக்குக் கொடுத்த நன்மையை இழக்க வேண்டியதில்லை. காலணி அணிந்தும் அதே குறுகிய அடியை வைக்கலாம். இப்போது ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். வேகத்தைக் கூட்டாமல், அந்த எண்ணிக்கையை மட்டும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை உயர்த்துங்கள். 160 அடி வைப்பவர் 168-க்கும் 176-க்கும் இடையில் வைக்க வேண்டும். இந்தச் சிறு மாற்றமே முழங்காலில் இறங்கும் சுமையைக் கணிசமாகக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. என் நோயாளிகளில் முழங்கால் வலிக்காகக் காலணியைத் துறக்க நினைத்தவர்கள் பலருக்கு இதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. முன்பகுதி அகலமான, விரல்கள் நெருக்கப்படாத காலணியாகப் பார்த்து, பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

இன்றிரவு படுக்கும் முன் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து, அதன்மேல் பாதத்தைத் தூக்கிப் பிடித்து, விரலிடுக்கு முதல் குதிகால் வரை பாருங்கள். பார்வைக்கு எட்டாத இடத்தை வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இதை நாள்தோறும் செய்ய வேண்டும். நைலான் இழைச் சோதனையின் முடிவையும், எம்.ஆர்.ஐ. எடுத்தால் அதன் அறிக்கையில் எந்த எலும்பு என்று எழுதியிருக்கிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு, முதல் 200 மீட்டரை எந்த வாரத்தில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.